மாடி வீட்டு வீச்சம்

எந்திரிக்காதீங்க தங்கபுஷ்பம். மீனக் கழுவுங்க, பாதியில விட்டா பூனை வந்து வாய வச்சிரும். நான் இந்தப் படியில உக்காந்துக்கிடுதேன். ஆமா, நான்தான். பாளையங்கோட்டை வடிவு. உங்க மருமக எப்சிக்கு மாடிய வாடகைக்கு விட்டிருந்த அதே வடிவுதான். எப்பிடி இங்க வந்து நிக்கேன்னு பாக்கீங்க. ரெண்டு பஸ் மாறி, மெஞ்ஞானபுரத்துல இறங்கி, தங்கபுஷ்பத்தோட மக வீடு எதுன்னு நாலு பேருகிட்ட கேட்டு வாரேன். எங்க வீட்டுக்கார அவ்வொகிட்ட ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன்.

மூக்கப் பொத்தல. வேர்வையத்தான் தொடைச்சேன். பொத்துவேன்னு நினைச்சிருப்பீங்க, நினைக்கத்தான் செய்வீங்க. சும்மா சொல்லல, இந்த மீன் வாடை எனக்கு ஒண்ணும் பண்ணல. மூணு மாசமா உங்க வீட்டு நடையில நின்னு மோந்து மோந்து பாத்தேனே, அது இது இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன். அது மட்டும் இல்ல, இன்னொண்ணும் இருக்கு. அத எடுத்த எடுப்புல சொல்ல வாய் வர மாட்டேங்குது. பல்லுல இருந்து ஆரம்பிக்கேன், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க.

எங்க வீட்டுப் பொம்பளைகளுக்குப் பல்லு கெட்டி. எங்க அம்மை சாகும்போது முப்பத்திரண்டும் வாயில இருந்தது. நானும் அப்பிடித்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவேன். கல்யாண வீட்டுல முறுக்கு வச்சா, எங்க வயசு ஆளுக எல்லாம் காப்பியில முக்குவாக, நான் மட்டும் எல்லாரும் பாக்கிற மாதிரி நறுக்குன்னு கடிப்பேன். அது ஒரு திமிரு. போன ஐப்பசியில அந்த முறுக்கே எமனா வந்திச்சு. இடது பக்கம் மேல் கடவாய்ப் பல்லு ரெண்டாப் பிளந்து போச்சு. பிடுங்கினாக. சிரிச்சா ஓட்டை தெரியும். நான் சிரிக்கதையே விட்டேன்.

பல்செட்டு வச்சுக்கிடுங்கன்னாக. ராத்திரி டம்ளர்ல தண்ணியில போட்டு வைக்கணுமாம்லா, எங்க நாத்தனா பாத்தா அவ்வளவுதான், தென்காசி வரைக்கும் சொல்லிருவா. அப்பத்தான் இம்ப்ளான்ட்டுன்னு ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டேன். எலும்புல ஸ்க்ரூ மாதிரி ஒண்ண முடுக்கி, அது மேல பல்லு வைப்பாகளாம். சொந்தப் பல்லு மாதிரியே இருக்கும், கழத்தி மாட்ட வேண்டாம், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. திருநெல்வேலியில வச்சா யாராவது பாத்திருவாகன்னு மதுரைக்குப் போனேன். மீனாட்சியம்மனுக்கு வேண்டுதல்னு அவ்வொகிட்ட சொன்னேன். ஆமா, அவ்வொகிட்டயும்தான் சொல்லல. நாப்பது வருசம் கூட வாழ்ந்த மனுசன்கிட்ட ஒரு பல்ல மறைச்சேன், என்னத்தச் சொல்ல.

தை மாசம் ஸ்க்ரூ வச்சு, மேல தற்காலிகமா ஒரு பல்லும் வச்சாக. அந்த டாக்டர் பொண்ணு நல்ல பொண்ணு, அவளக் குத்தம் சொல்ல மாட்டேன். 'உங்களுக்கு அந்த இடத்துல எலும்பு மெலிசா இருக்கும்மா. மாசம் ஒருக்க வந்து காட்டணும். கன்னம் கனத்தாலோ மூக்கு ஒழுகினாலோ உடனே வரணும்'னு எழுதியே குடுத்தா. நான் போகல. மாசாமாசம் மீனாட்சிக்கு என்ன வேண்டுதல்னு அவ்வொ கேப்பாகல்லா. எழுதித் தந்த சீட்டக் கிழிச்சுப் பஸ்ஸுல இருந்தே வெளிய போட்டேன்.

நீங்க எல்லாரும் மாடிக்கு வந்தது அதுக்கு முந்துன மார்கழி. எப்சிக்கு ஒரு மாசக் கைப்பிள்ளை. உங்க மகன் மஸ்கட்டுல. பிள்ளைய நீங்க பாத்துக்கிடுவீங்க, எப்சி திரும்ப நர்ஸ் வேலைக்குப் போவான்னு சொன்னீங்க. நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? வெளியில என்ன வேணா சாப்பிட்டுக்கிடுங்க, மாடியில முட்டை கூட அவிக்கக் கூடாதுன்னு சொன்னேன். நான் வித்தியாசம் பாக்கிறவ இல்ல தங்கபுஷ்பம். பாத்தா உங்களுக்கு வீடு குடுத்திருப்பேனா? சைவ வீடு, அது ஒரு முறை, அவ்வளவுதான். நீங்களும் சரின்னு தலைய ஆட்டினீங்க.

பங்குனியில வீச்சம் ஆரம்பிச்சது. காலையில எந்திரிச்சதும் குப்புன்னு வரும். எலி செத்திருக்கும்னு பரண ஒழிச்சேன். ஒண்ணுமில்ல. சாக்கடையத் தோண்டிப் பாக்கச் சொன்னேன். ஒண்ணுமில்ல. அவ்வொகிட்ட கேட்டா, 'எனக்கு ஒண்ணும் வரலியே வடிவு'ங்காக. அவ்வொ நாப்பது வருசமா பொடி போடுத ஆளு, அந்த மூக்கு என்ன மூக்கு, அதுக்கு மல்லிகைப்பூவும் ஒண்ணுதான் மண்ணெண்ணெயும் ஒண்ணுதான்னு விட்டுட்டேன். பால்காரன்கிட்ட கேட்டேன், இல்லன்னான். பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட கேட்டேன், இல்லன்னா. ஊருல இருக்கிற மூக்கெல்லாம் கெட்டுப் போச்சு, என் மூக்கு ஒண்ணுதான் மூக்குன்னு நினைச்சேன்.

அப்பத்தான் எனக்கு மாடி ஞாபகம் வந்திச்சு. பிள்ளை பெத்தவ இருக்கிற வீடு. உங்க பக்கத்துல பால் ஊறதுக்குப் பால்சுறா மீன் வச்சுக் குடுப்பாகன்னு எனக்குத் தெரியும். சுறாப் புட்டு வைப்பாக, கருவாட்டுக் குழம்பு வைப்பாக. அது இல்லாம பிள்ளைக்குப் பால் எப்பிடி வரும், கட்டாயம் வைப்பாக, மாமியாக்காரி ஒளிச்சு வச்சுக் குடுக்கா, அப்பிடின்னு எம் மனசுல விழுந்திட்டு. விழுந்தது விழுந்ததுதான். அதுக்குப் பெறவு வீச்சம் மாடிப்படியில இருந்து இறங்கி வாரது கண்ணுக்கே தெரியுத மாதிரி இருந்திச்சு.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம் மேல ஏறி வந்து கேட்டேன்லா. நீங்க கோவப்படல. ஒவ்வொரு சட்டியாத் திறந்து காட்டினீங்க. ரசம். முருங்கைக்கீரை. பூண்டுக் குழம்பு. 'இன்னும் எதத் திறக்கணும்க்கா?'ன்னு கேட்டீங்க. எனக்கு அப்பவே வெக்கமா இருந்திருக்கணும். நான் என்ன நினைச்சேன் தெரியுமா, எவ்வளவு சுத்தமா ஒளிச்சு வச்சிருக்கா பாருன்னு நினைச்சேன்.

எப்சி அன்னைக்கு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் முந்தானையால மூக்கத் தொடைச்சுக்கிட்டே பேசுதேன். 'ஆன்ட்டி, உங்களுக்கு இடது பக்கம் மட்டும்தான் ஒழுகுதா?'ன்னு கேட்டா. ஆமான்னேன். 'அந்தப் பக்கம் மேல் பல்லுல ஏதும் பண்ணியிருக்கீங்களா?' எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சிட்டு. இவளுக்கு எப்பிடித் தெரிஞ்சது? ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறவ, எவளாவது சொல்லியிருப்பாளா, தெருப் பூரா சொல்லிருவாளான்னு பயம். 'எம் பல்லுக்கு என்ன, நீ ஒம் வேலையப் பாரு'ன்னு சொல்லிட்டு இறங்கினேன். சின்னப் பொண்ணு, நல்லதுக்குக் கேட்டிருக்கா. அன்னைக்கே நான் உண்மையச் சொல்லியிருந்தா, நான் இன்னைக்கு இந்தப் படியில உக்காந்திருக்க மாட்டேன். நீங்களும் மக வீட்டுல மீன் கழுவிக்கிட்டு இருக்க மாட்டீங்க.

இருங்க, வாரேன். வைகாசியில ஒரு நாள் நடந்தது இருக்கு, அதுக்குத்தான் வாரேன். முதல்ல டாக்டர் சொன்னதச் சொல்லிருதேன்.

நீங்க போய், எப்சியும் வீட்டக் காலி பண்ணிட்டுப் போன பெறவும் வீச்சம் போகல. பூட்டின வீட்டுல இருந்து கருவாடு எப்பிடி நாறும்? பினாயில ஊத்தி மாடியக் கழுவினேன், ரெண்டு தடவ. சுவருல ஊறிப் போச்சுன்னு சொன்னேன். வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டேன். கன்னம் வேற கல்லு மாதிரி கனக்கு, குனிஞ்சா தெறிக்கு. அவ்வொதான் இழுத்துக்கிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டப் போனாக. அவர் டார்ச் அடிச்சுப் பாத்தார். 'பல்லு ஏதும் கட்டியிருக்கீங்களா, இம்ப்ளான்ட் வச்சிருக்கீங்களா?' அவ்வொ பக்கத்துல உக்காந்திருக்காக. 'இல்ல டாக்டர், எல்லாம் எம் பல்லு'ன்னேன். அவ்வொ வேற பெருமையா, 'இவங்க வீட்டுல எல்லாருக்கும் பல்லு கெட்டி சார்'ங்காக. மாத்திரை எழுதித் தந்தார், மூக்குல அடிக்க மருந்து தந்தார், ஆவி பிடிக்கச் சொன்னார். பத்து நாளைக்குக் குறையும், மருந்து நின்னதும் திரும்ப வரும். டாக்டர்கிட்டப் பொய் சொன்னா மாத்திரை என்ன செய்யும், பாவம்.

ஆடி மாசம் வாய் கொப்பளிக்கேன், தண்ணி மூக்கு வழியா வருது. இடது மூக்குல இருந்து, குழாயத் திறந்த மாதிரி. அவ்வொ பாத்திட்டாக. ஸ்கேன் எடுத்தாக. டாக்டர் படத்த வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சார். கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒரு ஆணி நிக்கு.

'இது என்னம்மா?'

அவ்வொ படத்தப் பாக்காக, என்னையப் பாக்காக. 'வடிவு, இது எப்பம்?'னு மட்டும் கேட்டாக. நான் அழுதேன். அவ்வொ கோவப்படல. கோவப்பட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

டாக்டர் பொறுமையாச் சொன்னார். மேல் கடவாய்ப் பல்லுக்கு மேல, கன்ன எலும்புக்குள்ள காத்து நிக்கிற ஒரு அறை இருக்காம். சைனஸ்ஸும்பாகளே, அதுதான். எனக்கு அந்த எலும்பு மெலிசு. ஸ்க்ரூ சரியாப் பிடிக்காம ஆடி, அறைக்குள்ள தலைய நீட்டிட்டு. வாயில இருக்கிற அழுக்கு அது வழியா மேல போய், அறை பூரா சீழ் கட்டியிருக்கு. 'சளிக்குக் குடுக்கிற மருந்துல இது போகாதும்மா. அந்த ஸ்க்ரூவ எடுக்கணும், மூக்கு வழியாக் குழாய் விட்டுச் சீழ எடுக்கணும், ஓட்டைய அடைக்கணும். பல் டாக்டரும் நானும் சேர்ந்து செய்யணும்'னார். கேட்டுக்கிட்டே வந்தவர், 'கெட்ட வாசனை வந்திருக்குமே'ன்னார்.

'வந்திச்சு டாக்டர். வீடு பூரா வந்திச்சு. மாடியில இருந்து.'

அவர் சிரிச்சார். 'வீட்டுல இல்லம்மா. அது உங்க மூக்குக்குள்ளயே இருந்தது. நீங்க எங்க போனாலும் கூடவே வந்திருக்கும்'னார்.

சிரிங்க தங்கபுஷ்பம், சிரிச்சா எனக்கு நல்லது. ஊருல உள்ள சட்டிய எல்லாம் திறந்து பாத்தவளுக்கு நாத்தம் சொந்த மூக்குல இருந்திருக்கு. அவர் சொன்னதும் நான் உங்க சட்டிய நினைக்கல. வேற ஒண்ண நினைச்சேன். அவ்வொ ஆபரேசனுக்குப் பயப்படுதேன்னு நினைச்சுத் தோளத் தட்டிக் குடுத்தாக.

ஆவணியில ஆபரேசன் ஆச்சு. நல்லாச் செஞ்சாக. ஸ்க்ரூ கையோட வந்திட்டாம். பதினஞ்சு நாள் மூக்கச் சிந்தக் கூடாது, வாய மூடிக்கிட்டுத் தும்மக் கூடாது, குழாய் போட்டு உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. எல்லாம் கேட்டேன், இந்தத் தடவ ஒண்ணு விடாமக் கேட்டேன். கட்டு எடுத்த பெறவு ஒரு நாள் மாடிக்கு ஏறிப் போனேன். அறை அறையா நின்னு மோந்து பாத்தேன். ஒண்ணுமில்ல. சமையலறையில கொஞ்சமாப் பூண்டு வாசம் இருந்தது. தொட்டில் கட்டியிருந்த கொக்கிக்குக் கீழ பிள்ளைக்குப் போடுத பவுடர் வாசம். அம்புட்டுத்தான் உங்க வீட்டு நாத்தம்.

இப்பச் சொல்லுதேன்.

வைகாசியில ஒரு வெள்ளிக்கிழமை. எப்சி டியூட்டிக்குப் போயிருந்தா. நீங்க பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் தடுப்பூசி போடப் போனீங்க. உங்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது. மாத்துச் சாவி ஒண்ணு எங்கிட்ட இருந்திச்சு. வீட்டுக்காரின்னா வச்சிருக்கத்தானே செய்வா. நான் மேல போனேன். கருவாட்டக் கண்டுபிடிச்சு, அத உங்க முன்னால வச்சு, 'இது என்ன?'ன்னு ஒரு வார்த்தை கேக்கணும், அதுதான் எம் மனசுல. அடுப்புக்குக் கீழ பாத்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால பாத்தேன். பெறவு ஃப்ரிட்ஜத் திறந்தேன்.

மூணு எவர்சில்வர் டப்பா. சின்னது. மூடியில ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால எழுதியிருந்தது. இரவு 11. காலை 5. காலை 6.30. நேரம் எழுதி வச்சிருக்காளே, யாரு பசும்பாலுக்கு நேரம் எழுதுவா, அதப் பாத்தாவது எனக்குப் புத்தி வரணும்லா. வரல. திறந்து மோந்தேன். அந்த வீச்சம். ரெண்டாவதத் திறந்தேன், அதே வீச்சம். மூணாவதும் அப்பிடித்தான். நான் எதைத் திறந்தாலும் அப்பிடித்தானே இருந்திருக்கும், மூக்குக்குள்ளல்ல இருக்கு. கெட்டுப்போன பால், இதான் இத்தனை நாளா நாறுதுன்னு நினைச்சேன். இத எடுத்துப் பிள்ளைக்குக் குடுத்துத் தொலைக்கப் போறாகன்னும் நினைச்சேன், சத்தியமா. மூணையும் கொட்டினேன். கொட்டிட்டு, நாத்தம் போகப் பொடி போட்டுத் தேச்சு, கழுவி, திண்டுல வரிசையாக் கவுத்து வச்சிட்டு இறங்கி வந்தேன். நல்ல எண்ணத்துலதான் கழுவினேன்.

கத்தியக் கீழ வச்சிட்டீங்க. வையுங்க. ஆமா, நான்தான்.

நீங்க திரும்பி வந்த பெறவு பிள்ளை அழுத சத்தம் கேட்டுச்சு. ஊசி வலின்னு நினைச்சேன். அரை மணி நேரம் கழிச்சு நீங்க இறங்கி வந்தீங்க. 'அக்கா, யாரும் மேல வந்தாகளா? எப்சி எடுத்து வச்சிட்டுப் போன தாய்ப்பாலக் காணும்'னு கேட்டீங்க. தாய்ப்பாலுன்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு. அவ்வொ நடுவீட்டுல பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காக. ஆமா நான்தான் போனேன்னு சொன்னா, சாவி போட்டுத் திறந்ததச் சொல்லணும். ஏன் திறந்தேன்னு சொல்லணும். 'யாரும் வரலியே, நான் வாசல்லதான இருக்கேன்'னேன். வாசல்லதான் இருக்கேனான்னு நீங்க கேக்கவே இல்ல. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லங்கிற கதைதான். நீங்க கவனிக்கல, பிள்ளை அழுதுக்கிட்டு இருந்திச்சு. டின் பால் அதுக்கு ஒத்துக்காதுன்னு எனக்கே தெரியும். சாயங்காலம் எப்சி வாரது வரைக்கும் அழுதிச்சு. இடையில நீங்க சக்கரைத் தண்ணி குடுத்துப் பாத்தீங்க, பாட்டுப் பாடினீங்க, எல்லாம் கீழ கேட்டுச்சு. நான் டிவிச் சத்தத்தக் கூட்டி வச்சேன்.

எப்சி வந்து எங்கிட்டக் கேட்டா. அதையே சொன்னேன். அத மட்டும் சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம். 'உங்க அத்தையத் தவிர மாடிக்கு வேற யாரும் ஏறல'ன்னு சேத்துச் சொன்னேன். ஏன் சொன்னேன்னு எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்திட்டேன். எம் மேல வந்திரக் கூடாதுங்கிற பயந்தான், உங்க மேல எனக்கு என்ன கோவம்.

பெறவு மேல நடந்த சண்டை எனக்குக் கேட்டுச்சு. ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு. 'உங்களுக்குத்தான் ஃப்ரிட்ஜ்ல வச்ச பால் பிடிக்காது. பிள்ளைக்குச் சளி பிடிக்கும், பிடிக்கும்னு நீங்கதான் சொல்லிக்கிட்டே இருந்தீங்க. வெளியாளு வந்து கொட்டினா டப்பாவக் கழுவியா வச்சிட்டுப் போவான்?' நீங்க, ஆண்டவர் சாட்சியா நான் தொடலன்னீங்க. 'கீழ ஆன்ட்டி வாசல்லயே இருந்திருக்காங்க அத்தை. அவங்க ஏன் பொய் சொல்லணும்?' அவ நம்பினது என்னைய. மாடி ஏறி வந்து சட்டியத் திறந்து காட்ட வச்சவள நம்பினா, கூட இருந்து பிள்ளையக் குளிப்பாட்டினவள நம்பல.

மறுநாள் காலையில நீங்க பையத் தூக்கிக்கிட்டு இறங்கினீங்க. 'வடிவக்கா, போய்ட்டு வாரேன்'னு எங்கிட்டச் சொன்னீங்க. நான் கோலம் போட்டுக்கிட்டு இருந்தேன். 'சரி'ன்னேன். தலைய நிமுத்தல.

நீங்க போன பெறவு பிள்ளையப் பாக்க ஆளில்லாம எப்சி வீட்டக் காலி பண்ணினா. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ஒரு அறை எடுத்து, பிள்ளைய ஒரு அம்மாகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறாளாம். நீங்க அதுக்குப் பெறவு அந்தப் பக்கமே வரலன்னும் கேள்விப்பட்டேன். நாலு மாசம்.

இன்னொண்ணு சொல்லுதேன், இதையும் கேட்டிருங்க. அந்த டப்பா ஒவ்வொண்ணுலயும் கால் டப்பாப் பால்தான் இருந்திச்சு. அப்ப எனக்கு அது உறைக்கல. பெறவு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக் கிடக்கும்போது உறைச்சது. நான் முட்டை கூட ஆகாதுன்னு சொன்னதுனால நீங்க பால்சுறா வைக்கல. வார்த்தைய மீறல. பூண்டத் தட்டி, வெந்தயத்த அவிச்சு, கீரையக் கடைஞ்சு போட்டுத்தான் அவளுக்கு அந்தக் கால் டப்பாவ ஊற வச்சிருக்கீங்க. நீங்க பூண்டு தட்டுத சத்தம் கீழ கேக்கும்போதெல்லாம் நான், வாடைய மறைக்கப் பூண்டு தட்டுதான்னு நினைச்சிருக்கேன்.

நான் இப்பவும் சைவ வீடுதான். அடுத்து வாரவுககிட்டயும் அதச் சொல்லித்தான் விடுவேன், அது வேற. ஆனா ஒருத்தர் சட்டியத் திறக்க மாட்டேன்.

இதப் பிடிங்க. பிள்ளைக்கு ஒரு கவுனு. ஆறு மாசப் பிள்ளைக்கு உள்ளதுன்னு கேட்டு வாங்கிட்டேன். பஸ்ஸுல வரும்போதுதான் யோசிச்சேன், இப்பப் பத்து மாசம் ஆகியிருக்கும்லா, பத்தாது. எனக்கு அந்தப் பிள்ளை அந்த வெள்ளிக்கிழமையிலேயே நிக்கு. நீங்க பாக்கப் போகும்போது வேற வாங்கிக் குடுங்க, நான் காசு தாரேன். வேண்டாமா? சரி, வேண்டாம்.

என்னைய ஏசுங்க தங்கபுஷ்பம். வையுங்க, ரெண்டு அடி வேணாலும் அடிங்க. இப்பிடிப் பாத்துக்கிட்டே இருந்தா நான் எங்க போவேன்?

நான் ஒண்ணு நினைச்சு வந்தேன், சொல்லட்டா. நீங்க வயசுல பக்குவமானவுக. நீங்களே எப்சிகிட்ட நல்ல நேரம் பாத்து, இப்பிடி இப்பிடி நடந்து போச்சு, அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கு, தெரியாமச் செஞ்சிட்டாகன்னு எடுத்துச் சொல்லிருங்க. நீங்க சொன்னா அவளுக்கு விளங்கும். எனக்கு அந்தப் பொண்ணு முகத்துல முழிக்கத் தைரியம் இல்ல. பொய் சொன்னத மட்டும் சொல்ல வேண்டாம், மறந்து போச்சுன்னு...

எங்க எந்திரிக்கீங்க? தண்ணியா, எனக்கு வேண்டாம், பஸ்ஸு போயிரும்.

போன் எதுக்கு? யாருக்குப் போடுதீங்க? எப்சிக்கா? இப்ப அவ டியூட்டியில இருப்பாளே. நான் நேருல போய்ச் சொல்லுதேன் தங்கபுஷ்பம், நாளைக்கே போறேன். கை ஈரமா இருக்கு உங்களுக்கு, போன் நனையுது. எங்கிட்ட ஏன் நீட்டுதீங்க? மணி அடிக்கு. எடுத்திட்டா.

எப்சியா. நான் வடிவு ஆன்ட்டிம்மா. பாளையங்கோட்டை. ஆமா, ஆபரேசன் ஆச்சு, நல்லாயிருக்கேன், நீ அன்னைக்குக் கேட்டது சரிதான், பல்லுதான். இல்ல, அதுக்குக் கூப்பிடல. மெஞ்ஞானபுரத்துல இருந்து பேசுதேன். உங்க அத்தை பக்கத்துல நிக்காக. அவுக நல்லாயிருக்காக. எப்சி, அந்த வெள்ளிக்கிழமை அவுக ஒண்ணும் பண்ணலம்மா. நீங்க ஆரும் இல்லாத நேரம் எங்கிட்ட இருந்த சாவியால திறந்து நான் மேல வந்தேன். பால நான்தான் கொட்டினேன். கழுவி வச்சதும் நான்தான். தெரிஞ்ச பெறவும் உங்ககிட்டப் பொய் சொன்னேன், ரெண்டு தடவ.

சரிம்மா, குடுக்கேன்.

இந்தாங்க தங்கபுஷ்பம். எங்கிட்ட ஒண்ணும் கேக்கல அவ. உங்ககிட்டப் போனக் குடுக்கச் சொல்லுதா.